ஃபென்டன் முறை: நிறம் போய்விடுகிறது, சிஓடி மட்டும் ஏறுகிறது. ஏன்?

நீலச்சாயம் (கேள்வி)

சாயக்கழிவு நீரில் ஃபென்டன் முறைக்கு (இரும்பும் பெராக்சைடும் சேர்த்து மாசை உடைப்பது) ஜார் டெஸ்ட், அதாவது ஜாடியில் சிறு அளவுச் சோதனை, செய்துகொண்டிருக்கிறேன். மூல நீரின் சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை, மாசின் அளவுகோல்) 900 மி.கி./லி. ஒரு லிட்டரை எடுத்து, கந்தக அமிலத்தால் பிஎச் 3-க்கு இறக்கி, ஃபெரஸ் சல்பேட் பச்சைப் படிகம் 0.25 கிராம், 50% ஹைட்ரஜன் பெராக்சைடு 6 மி.லி. ஒரே தடவையில் சேர்க்கிறேன். 30 நிமிடம் கலக்கியபின் காஸ்டிக் சோடாவால் பிஎச் 8.

நிறம் நன்றாக வெளுக்கிறது. ஆனால் சிஓடி 1150 காட்டுகிறது! கசடும் படியாமல் மேலே மிதக்கிறது. கசடைத் திரட்டும் பாலிமரை இரட்டிப்பாக்கியும் பலனில்லை. பெராக்சைடை இன்னும் கூட்டிப் பார்க்கலாமா?

இரும்புத்துரு

கூட்டவே கூட்டாதீர்கள். இரண்டு கோளாறுக்கும் மூலம் ஒன்றுதான்: வினைபுரியாமல் மிஞ்சிய பெராக்சைடு.

சிஓடி பரிசோதனையில் மாசை ஆக்சிஜனேற்றச் சேர்க்கும் டைக்ரோமேட் இந்தப் பெராக்சைடையும் சேர்த்து ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். 1000 மி.கி. பெராக்சைடு மிஞ்சினால் சுமார் 470 மி.கி. பொய்யான சிஓடி கூடும். பிஎச்சை ஏற்றியதும் அதே பெராக்சைடு ஆக்சிஜனாகப் பிரிகிறது. ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், செம்பழுப்புத் திரள்களில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒட்டியிருக்கும். அவைதான் கசடைத் தூக்குகின்றன. பாலிமர் போட்டால் குமிழியையும் சேர்த்துக் கட்டிப்போடும்.

இனி அளவுக்கு வருவோம். ஒரு கிராம் சிஓடிக்குக் கணக்குப்படி 2.125 கிராம் பெராக்சைடு. உங்கள் 900-க்கு சுமார் 1.9 கிராம் போதும். 50% கரைசல் 6 மி.லி.யில் கிட்டத்தட்ட 3.6 கிராம் இருக்கிறது. இரும்போ வெறும் 50 மி.கி. (பச்சைப் படிகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு). எடைக்கு எடை 1:72. வினையைத் தூண்டும் ஃபெரஸ் இரும்பு நொடியில் ஃபெரிக் என்ற இன்னொரு வடிவமாக மாறிவிடும், ஃபெரிக் மறுபடி ஃபெரஸாவது மிக மெதுவாக நடக்கும். அதனால் 30 நிமிடத்தில் முடியாது. போதாததற்கு, ஒரே தடவையில் கொட்டிய பெராக்சைடு, மாசை உடைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலைத் தானே தின்றுவிடுகிறது.

அடுத்த ஜாடியில்: பிஎச் 3.5-க்கு இறக்கி, படிகம் 1 கிராம் (இரும்பு 200 மி.கி.) கரையவிட்டு, பிஎச்சை மீண்டும் பார்த்து 3-ல் நிறுத்துங்கள். பெராக்சைடு 3.3 மி.லி.; நான்கு பங்காக, 15 நிமிடத்துக்கு ஒரு பங்கு. பிறகு இன்னும் ஒரு மணி நேரம் கலக்குங்கள். இரும்புக் கரைசலை அன்றன்றைக்கே தயாரிக்க வேண்டும். மஞ்சளித்துவிட்டால் ஃபெரஸ் குறைந்துவிட்டது என்று பொருள்.

கசடுப்படுகை

மேலே சொன்னது சரி. பலர் தவறவிடும் இன்னொன்று: மிஞ்சிய பெராக்சைடை முறிக்க சோடியம் சல்ஃபைட்டை அள்ளிப் போடுவார்கள். ஒரு கிராம் பெராக்சைடுக்கு 3.7 கிராம் சல்ஃபைட் வேண்டும். அதற்கு மேல் போனால் சல்ஃபைட்டே சிஓடியாகக் காட்டும். ஒரு பொய்யை இன்னொன்றால் மாற்றியதாகிவிடும். கேட்டலேஸ் நொதி நல்லது, ஆனால் பிஎச் 7 பக்கம் கொண்டுவந்த பிறகே வேலை செய்யும். அதற்கும் சிஓடி உண்டு. காய்ச்சி வடித்த நீரில் அதே அளவு நொதி போட்டு ஒரு பிளாங்க் (மாசில்லாத ஒப்பீட்டு மாதிரி) எடுத்து, அதன் சிஓடியைக் கழியுங்கள்.

உங்கள் நீரில் உப்பு எவ்வளவு? குளோரைடு அதிகமானால் ரேடிக்கலைப் பிடித்துக்கொள்ளும். பிஎச் இறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம்.

நீலச்சாயம்

பழைய மாதிரியை 100 மடங்கு நீர்க்கச்செய்து பெராக்சைடு அளக்கும் ஸ்ட்ரிப் வைத்தேன், 10 மி.கி./லி. காட்டியது. அப்படியானால் உண்மையான சிஓடி?

இரும்புத்துரு

மிச்சப் பெராக்சைடு 1000 மி.கி./லி. 1150-ல் 470 போனால் 680 அளவில் இருக்கும். ஸ்ட்ரிப் தோராயம்தான், இதை அறிக்கையில் எழுதாதீர்கள். பெராக்சைடு முழுதும் தீர்ந்த மாதிரியில் மறுபடி சிஓடி எடுங்கள்.

சரியான அளவு போட்டாலும் பூஜ்யத்துக்கு வராது. சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பு உடைந்தவுடன் நிறம் போய்விடும்; மூலக்கூறு ஆக்சாலிக், அசிட்டிக் அமிலங்களாக நின்றுவிடும், அவற்றை ஃபென்டன் எளிதில் உடைக்காது. அடுத்து உயிரியல் தொட்டி இருந்தால் அங்கே விட்டுவிடுங்கள், பெராக்சைடு செலவு மிச்சம். பிஓடியையும் (நுண்ணுயிர்கள் உடைக்கக்கூடிய மாசின் அளவு) சேர்த்துப் பார்த்தால் எங்கே நிறுத்தலாம் என்று தெரியும்.

கசடுப்படுகை

பிஎச் 8-ல் அரை மணி மெதுவாகக் கலக்கி, குமிழி நின்றபிறகே பாலிமர். 200 மி.கி. இரும்புக்கு லிட்டருக்கு சுமார் 380 மி.கி. உலர் கசடு வரும், படிவுத் தொட்டியை அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

மாதிரிப் புட்டியின் மூடியை இறுக்காதீர்கள், ஆக்சிஜன் சேர்ந்து வெடிக்கும். அடர் பெராக்சைடும் இரும்புக் கரைசலும் நேரடியாகக் கலக்கவே கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பிப்பெட்; கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை.