வெனட் பிக்கப்புக்கு எந்த ஸ்பார்க் ப்ளக்? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார்

செம்பனைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். 2024 ஜூனில் டீசல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து ஒரே ராத்திரியில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதே, அந்த மாதமே என் டீசல் பிக்கப்பைத் தள்ளிவிட்டு ஒரு பழைய நிசான் வெனட் சி22 பெட்ரோல் பிக்கப் வாங்கினேன். 1500 சிசி ஏ15 எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடுகிற பழைய கார்புரேட்டர் வகை. விடியற்காலையில் தோட்டத்து ஓரக் கொல்லையிலிருந்து மரவள்ளியும் வாழைக்காயும் ஏற்றிப் பட்டணத்துச் சந்தையில் இறக்குவது, வாரத்தில் ஒரு நாள் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை, அவ்வளவுதான் ஓட்டம். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் தாண்டாது.

ஒரு மாதமாக நின்ற இடத்தில் குலுங்குகிறது. சுமையோடு மேடு ஏறினால் இழுவையே இல்லை, பின்னால் வரும் மோட்டார்காரன் ஹார்ன் அடிக்கிறான். பட்டறைப் போமன் (மெக்கானிக்), பெட்ரோலுக்குப் பொறி விடுகிற ஸ்பார்க் ப்ளக்கை மாற்றிப் பார் என்றார். ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், என்ஜிகே கம்பெனி, பிபி5இஎஸ் என்று போட்டிருக்கிறது. கடையில் 5 இல்லை, பிபிஆர்6இஎஸ் இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் லா, கொண்டு போ என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனோ இரிடியம் முனை வைத்த ப்ளக் போடு, வண்டி பறக்கும் என்கிறார். இரிடியம் ஒன்று 40 வெள்ளி, நாலுக்கு 160. வீட்டில் கேட்டால் வெனட்டுக்கு எதற்கு மூக்குத்தி என்கிறார்கள். எதைப் போடுவது?

டீசல்தாசன்:

தம்பி, நான் டீசல் ஹைலக்ஸ் பிக்கப் வைத்து ஏழு வருடம் ஆகிறது, இன்றுவரை ஒரு ஸ்பார்க் ப்ளக் கூட மாற்றியதில்லை. நல்ல எண்ணெய் ஊற்றினால் ப்ளக் தானாக நிற்கும். இவர்கள் எல்லாம் வியாபாரத்துக்குச் சொல்வது.

பழைய போமன்:

டீசல்தாசன், உங்கள் ஹைலக்ஸில் ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது ஐயா, இல்லாததை எப்படி மாற்றுவீர்கள். டீசல் எஞ்சினில் காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதில் இருப்பது குளோ ப்ளக், பென்சில் மாதிரி சூடேறுகிற கம்பி, காலையில் ஸ்டார்ட் ஆவதற்குத்தான். நம் ஊர்ச் சூட்டில் அதில் ஒன்றிரண்டு செத்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

செம்பனைக்காரன் தம்பிக்கு வருகிறேன். முதலில் அந்த எழுத்துகளைப் படிக்கப் பழகு, கடைக்காரரிடம் ஏமாற வேண்டாம். பி என்றால் 14 மில்லிமீட்டர் மறை, 21 நம்பர் ப்ளக் ஸ்பேனர். அடுத்த பி, வெள்ளைப் பீங்கான் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. இ என்றால் மறையின் நீளம் 19 மில்லிமீட்டர். நடுவில் ஆர் வந்தால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது, ரேடியோவில் கொரகொரவென்று சத்தம் வராது. உன் வண்டிக்கு ஆர் இருந்தாலும் கெடுதல் இல்லை, இல்லாவிட்டாலும் ஓடும்.

விஷயம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ந்த ப்ளக். 5இல் பீங்கான் மூக்கு நீளம், சூடு மெதுவாக ஹெட்டுக்கு (எஞ்சினின் மேல் மூடிக்கு) போகும், முனை சூடாகவே இருக்கும். 6இல் மூக்குக் குட்டை, சூடு சீக்கிரம் இறங்கிவிடும். முனை 450 டிகிரிக்குக் கீழே கிடந்தால் அதில் படிகிற கரி எரிந்து போகாது. 800ஐத் தாண்டிவிட்டால் ப்ளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்குக் கேடு. ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர், அதிலும் பாதி தூரம் தோட்டத்து மண்சாலையில் ரெண்டாம் கியர், எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறாய். இதற்கு 6 போட்டால் எஞ்சின் உடைந்துவிடாது, ஆனால் சீக்கிரம் கரி பிடிக்கும். 5ஐயே தேடு. டென்சோ கம்பெனியில் அதே ப்ளக் டபிள்யூ16இபி-யூ. பாஷ் வாங்கினால் ஜாக்கிரதை, அவர்கள் கணக்குத் தலைகீழ், எண் ஏறினால் சூடு.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் நாலையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குழப்பாமல் வரிசையாக வைத்து, முனையின் நிறத்தை எழுது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதே. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கழற்று. ஏ15க்கு ஹெட் அலுமினியம், சூட்டில் முறுக்கினால் மறை ப்ளக்கோடு சேர்ந்து வந்துவிடும்.

ஈப்போ ரோட்டுக்காரன்:

இரிடியத்தை அப்படித் தள்ளிவிடாதீர்கள் அண்ணே. என் காரில் போட்டு 80,000 கிலோமீட்டர் ஆகிறது, இன்னும் தொடவில்லை. சாதாரண ப்ளக் 20,000க்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒன்றுதான்.

பழைய போமன்:

உன் காருக்கு அது சரி. இரிடியம் ஊசி முனை சீக்கிரம் தேயாது, 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும், கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிற எஞ்சினில் லட்சம் கிலோமீட்டர் நிற்கும். கார்புரேட்டர் வண்டியில் முனை தேய்வதற்கு முன்பே கரி மூடிவிடும். 8 வெள்ளி ப்ளக்கும் மூடும், 40 வெள்ளி ப்ளக்கும் மூடும். பறப்பது கிறப்பது எல்லாம் கடைப் பேச்சு.

செம்பனைக்காரன்:

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்துவிட்டேன். இந்த வண்டியில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் அல்லவா. சீட்டைத் தூக்கினால் பழைய திருநீற்றுப் பொட்டலம் ஒன்று, 20 காசு மூன்று, எலி கடித்த கடலைத் தோல், அதற்கும் அடியில்தான் ப்ளக் தெரிகிறது. குழியில் இருந்த மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிட்டுத்தான் கழற்றினேன்.

1, 2, 4 மூன்றும் மில்க் பிஸ்கட் நிறம், காய்ந்து சுத்தமாக இருக்கின்றன. 3 மட்டும் கறுப்பு, ஈரம். துணியில் ஒற்றினால் கறை பரவி உடனே காய்ந்துவிட்டது, பெட்ரோல் வாசனை. அப்போது இரிடியம் வேண்டாம், சரி. ஆனால் 3க்கு மட்டும் ஏன் இப்படி?

பழைய போமன்:

பார்த்தாயா, இதற்குத்தான் நாலையும் கேட்டேன். நாலு பேரில் மூன்று பேர்தான் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வருகிறார்கள், மூன்றாமவன் படுத்திருக்கிறான். பிசுபிசுப்பாக எஞ்சின் எண்ணெய் இருந்தால் ரிங், வால்வ் சீல் என்று பெரிய செலவு. உடனே காய்கிற பெட்ரோல் என்றால் அங்கே பொறி வரவில்லை என்று அர்த்தம், எரியாத பெட்ரோல் நனைத்துவிட்டிருக்கிறது. அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காதே, அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும்.

3இல் இருந்த ப்ளக்கை 2இல் போடு, 2இல் இருந்ததை 3இல் போடு. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி பார். ஈரம் 2க்குப் போனால் ப்ளக் செத்தது. ஈரம் 3இலேயே இருந்தால் ப்ளக் மேல் பழி இல்லை, ப்ளக்குக்குப் பொறி கொண்டுவருகிற வயரையும், அதை நாலுக்கும் பங்கிடுகிற டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியையும் பார். வயரைத் திரும்ப மாட்டும்போது வரிசை மாறக்கூடாது, பொறி வரும் வரிசை 1-3-4-2. எஞ்சின் ஓடும்போது வெறுங்கையால் வயரைப் பிடிக்காதே, நான் ஒருமுறை பிடித்துவிட்டு எதிரே நின்ற லோரி மேல் போய் விழுந்தேன், முதலாளி சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

செம்பனைக்காரன்:

ஈரம் 3இலேயே இருக்கிறது! வயரை உருவி மீட்டர் வைத்தேன். மற்ற மூன்றும் 8 முதல் 12 ஆயிரம் ஓம் காட்டுகின்றன, 3க்குப் போகிற வயர் ஒன்றுமே காட்டவில்லை, உள்ளே அறுந்திருக்கிறது போல. ரப்பர் மூடியை வளைத்தால் உள்ளே வெடிப்பு, கரி மாதிரிப் பொடி கொட்டுகிறது.

பழைய போமன்:

சீட்டுக்கு அடியில் வேகிற வயர், கல்லாகத்தான் போகும். செட்டாக நாலையும் மாற்று, ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் இன்னொன்று. ப்ளக்கும் அதோடு புதிதாகப் போட்டுவிடு, இவ்வளவு தூரம் சீட்டைத் தூக்கியாகிவிட்டது. பொறி பாய்கிற முனை இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவுத் தகடு) வைத்துப் பார், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயிண்ட் இருக்கிற பழைய வகை வண்டி என்றால் 0.8 முதல் 0.9, எலக்ட்ரானிக் என்றால் 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர். ப்ளக்கின் தலையில் ஒரு துண்டுப் பெட்ரோல் குழாயை மாட்டி அதைப் பிடித்துத் திருகு, மறை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கும், அலுமினியம் பிழைத்தது. கையால் இறுகிய பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, கொஞ்சம் கூட வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆன்லைனில் ரொம்ப மலிவாக வந்தால் வாஷரைத் திருகிப் பார், தானாகக் கழன்று விழுந்தால் அது அசல் இல்லை என்று நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

செம்பனைக்காரன்:

ஈப்போவில் ஒரு கடையில் பிபி5இஎஸ் கிடைத்தது, ஒன்று 8 வெள்ளி. வயர் செட்டும் அங்கேயே. நேற்று மாலை போட்டேன், இன்று காலை ஒன்பது மூட்டை மரவள்ளியோடு மேட்டில் மூன்றாம் கியரிலேயே ஏறினேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரிடியம் போட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன், யாரும் காட்டிக்கொடுக்காதீர்கள். கடைசியாக ஒன்று: பழைய ப்ளக் மூன்று நன்றாகத்தானே இருக்கின்றன, புல் வெட்டும் மெசினுக்குப் போடலாமா?

பழைய போமன்:

போடாதே! உன் ப்ளக் 19 மில்லிமீட்டர் நீளம், புல் மெசினுக்குப் பொதுவாக வருகிற குட்டை ப்ளக் 9.5தான். மறை ஏறும், ஆனால் உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டன் தலையில் இடிக்கும். வண்டிக்கே ஸ்பேராக ஒரு டின்னில் போட்டு வை, சீட்டுக்கு அடியில்தான் இடம் இருக்கிறதே, அந்தத் திருநீற்றுப் பொட்டலத்தோடு.