கருணைக்கொலைக்குச் சட்டம் வேண்டுமா?

வைகைக்கரையான்:
நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் இருக்கும் சட்டம் இங்கும் வர வேண்டும். 2018-இல் நம் உச்ச நீதிமன்றம் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்திக்கொள்ள மட்டுமே அனுமதித்தது. என் அம்மாவுக்கு எந்தக் கருவியும் பொருத்தியிருக்கவில்லை. கர்ப்பப்பைப் புற்றுநோய். மூன்று மாதம் கட்டிலில் கிடந்து, "என்னை முடித்துவிடு ராசா" என்று கெஞ்சினார். அந்தக் குரலைக் கேட்காதவர்கள் எனக்கு அறம் சொல்ல வேண்டாம்.

தேனிச் செவிலி:
அண்ணா, கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். அம்மாவுக்கு வலியடக்கும் மார்ஃபின் கொடுத்தார்களா?

வைகைக்கரையான்:
இல்லை. கேட்டேன். "போதை மருந்து, பழகிவிடும்" என்றார்கள். சாகப்போகிறவருக்குப் பழகினால் என்ன என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தேனிச் செவிலி:
என் வயிற்றெரிச்சலே அதுதான். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பயத்தை யார் திருத்துவது?

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவள். வாய்ப் புற்றுநோய் வந்த ஒரு பெரியவர். கன்னம் ஓட்டையாகி, நாற்றம் தாங்காமல் தானே மாட்டுக்கொட்டகைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். முதல் நாள் என்னிடம் கேட்டது பூச்சிமருந்து. புண்ணைக் கழுவி, நாற்றம் அடங்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின், மலச்சிக்கலுக்கு மருந்து. ஒரு வாரம் கழித்துப் போனபோது பேத்தி அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அதன்பிறகு அவர் பூச்சிமருந்து கேட்கவே இல்லை. ஐந்து வாரம் இருந்து, தூக்கத்தில் போனார்.

கரிசல்காட்டான்:
நான் விருதுநகர்ப் பக்கம். இங்கே படுத்த படுக்கையான முதியவர்களை வீட்டாரே சாகடிக்கும் தலைக்கூத்தலுக்கு யாரும் சட்டம் கேட்கவில்லை. விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீரை மாற்றி மாற்றிப் புகட்டுவார்கள். காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் முடிந்துவிடும். "அவரே சரி என்றார்" என்பதுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. மருமகள் முகம் சுளிப்பதைத் தினம் பார்க்கிற கிழவர் வேறென்ன சொல்வார்? அந்தச் "சரி"க்குக் கீழே அரசு முத்திரை குத்த வேண்டுமா?

வைகைக்கரையான்:
தலைக்கூத்தல் கொலை. அதையும் நான் கேட்பதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நான் கேட்பது மருத்துவர்கள் விசாரித்து, நோயாளியே கையெழுத்திடும் சட்டம்.

கரிசல்காட்டான்:
கனடாவிலும் அப்படித்தான் 2016-இல் தொடங்கினார்கள், மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று. 2021-இல் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, மரணம் அருகில் இல்லாதவர்களுக்கும் வழி திறந்துவிட்டார்கள். பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்ட தகப்பனுக்கு அதற்குப் பிறகு வீட்டில் என்ன மரியாதை என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் வாங்கும் கையெழுத்தை எந்த மருத்துவர் விசாரித்துவிட முடியும்?

வைகைக்கரையான்:
மார்ஃபினுக்கும் அடங்காத வேதனை உண்டு. மூச்சுத் தசை செயலிழந்து திணறுகிறவருக்கு உங்கள் பதில் என்ன?

தேனிச் செவிலி:
உண்டு, மறுக்க மாட்டேன். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அது கருணைக்கொலை ஆகாது. எதற்கும் அடங்காவிட்டால், வேதனை தெரியாத அளவுக்கு மருந்தால் உறங்கவைக்கலாம். அந்த உறக்கத்தில் அவரை நோய்தான் கொண்டுபோகும், நாங்கள் அல்ல. பாலியல் தாக்குதலில் மூளை பாதித்து நினைவிழந்து கிடந்த செவிலி அருணா ஷான்பாக்கை மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் 42 ஆண்டுகள் பார்த்துக்கொண்டார்கள். அவரைச் சாகவிட அனுமதி கேட்டு வழக்கு வந்தபோது எதிர்த்து நின்றதும் அவர்கள்தான். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண வேலை கேரளக் கிராமங்கள்வரை போயிருக்கிறது. இங்கே 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல்தான் வந்தது. இது எல்லாப் படுக்கைக்கும் போய்ச் சேரும் முன்னே உயிரை முடிக்கும் ஊசிக்குச் சட்டம் போட்டால், ஏழைக்கு ஊசிதான் முதலில் வரும்.

வைகைக்கரையான்:
அந்த மார்ஃபின் கிடைத்திருந்தால் அம்மா அப்படிக் கேட்டிருக்கவே மாட்டார் என்கிறீர்களா? அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

தேனிச் செவிலி:
கேட்டிருக்கலாம் அண்ணா. ஆனால் வலி அடங்கிய பிறகு ஒருமுறை அவரிடம் திருப்பிக் கேட்டிருப்போம்.