வெளிப்புற ஒலிப்பதிவில் காற்றிரைச்சலை எவ்வாறு தடுப்பது?

கேள்வி:
விடியற்காலையில் ஏரிக்கரையில் பறவைகளின் குரலைப் பதிவு செய்து வருகிறேன். ரெக்கார்டருடன் ஷாட்கன் மைக்கை (நேர் முன்னே வரும் ஒலியை முதன்மையாகப் பிடிக்கும் நீண்ட மைக்) இணைத்து, அதனோடு வந்த ஸ்பாஞ்ச் உறையையும் மாட்டியிருக்கிறேன். ஆயினும் இளங்காற்று வீசினாலே 'புடுபுடு' என்ற இரைச்சல் எழுந்து குரல்களை மூடிவிடுகிறது. அருகில் நிற்கும் என் காதுக்கு அப்படி எதுவும் கேட்பதில்லை. எடிட்டிங்கின்போது இதை நீக்கிவிட முடியுமா?

மறுமொழி 1:
பதிவில் நீங்கள் கேட்பது தொலைவிலிருந்து வந்த ஓசை அன்று. காற்று மைக்கின் மீது மோதிச் சுழலும்போது உண்டாகும் அழுத்த மாற்றங்கள் அதன் மெல்லிய சவ்வை நேராகவே உலுக்குகின்றன. ஷாட்கன் போன்ற திசைசார் மைக்குகள் சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைக் கொண்டு இயங்குவதால், எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை வாங்கும் ஆம்னி மைக்குகளைவிட இவற்றில் இந்தத் தொல்லை மிகுதி. ஸ்பாஞ்ச் உறை பேசுபவரின் மூச்சுக்காற்றைத் தடுக்கும். திறந்தவெளிக்கு அது போதாது. மைக்கைத் தொடாமல், சுற்றிலும் இடைவெளி விட்டு நிற்கும் கூண்டு உறையும் அதன்மேல் நீண்ட இழைகளைக் கொண்ட ரோம உறையும் வேண்டும். இழைகள் காற்றின் வேகத்தைச் சிதறடிக்கும். உள்ளே அடைபட்ட காற்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ரோம உறை உச்ச அதிர்வெண்களைச் சற்றே மங்கச் செய்யும் என்றாலும், அதைப் பின்னர் ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஈடுகட்டிக்கொள்ளலாம்.

மறுமொழி 2:
எடிட்டிங்கை நம்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காற்றின் அடியால் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய மின்குறிப்பைப் பெருக்கும் பகுதி) நிரம்பி அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுவிட்டால், இழந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. மைக்கிலேயே லோ-கட் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும்) பொத்தான் இருந்தால் அதை முதலில் போடுங்கள், ஏனெனில் அது ப்ரீஆம்புக்கு முன்பே இரைச்சலைக் குறைத்துவிடும். மனிதக் குரலுக்கு இந்த வெட்டை 80 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. சிறு பறவைகள் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே பாடுவதால் எடிட்டிங்கில் அந்த வெட்டு எல்லையை இன்னும் உயர்த்தலாம். புறாவும் ஆந்தையும் தாழ்ந்த குரலுடையவை என்பதால் அவற்றுக்கு மட்டும் கவனம் தேவை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. லோ-கட் போட்டதும் மெல்லிய காற்றில் நல்ல மாற்றம் தெரிந்தது, ஆனால் காற்று வலுத்ததும் பழையபடியே ஆகிவிட்டது. உறை வாங்கும்வரை வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
ஸ்டாண்டைத் தாழ்த்துங்கள். தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறையும். காற்று வரும் பக்கம் கரைமேடோ உங்கள் முதுகோ மறைப்பாக இருக்கட்டும். புதரை மட்டும் மறைப்பாகக் கொள்ளாதீர்கள். இலைகளின் சலசலப்பு பறவைக் குரலின் அதிர்வெண்களிலேயே விழுவதால், அதைப் பிரித்தெடுப்பது காற்றிரைச்சலை நீக்குவதைவிடக் கடினம்.