மீட்டரில் 230 வோல்ட், மோட்டார் மட்டும் சுற்றவில்லை

வணக்கம் அண்ணன்மாரே, எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

தோட்டத்துக் கிணற்றில் 1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார். சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. கெப்பாசிட்டர் புதிதாக மாற்றியாச்சு. காயில் போய்விட்டது, கழற்றி ரீவைண்டிங் கொடுங்கள் என்கிறார் மெக்கானிக். ஸ்டார்ட்டரில் 230 வோல்ட் வருகிறதே என்பதுதான் அவர் வாதம்.

ஆனால் அந்த 230 மோட்டார் ஆஃபில் இருக்கும்போது வந்தது. உறுமும்போது அதே இடத்தில் வைத்தால் 140தான் காட்டுகிறது, மெயின் போர்டில் அப்போதும் 225. டிஜிட்டல் மீட்டர் கரண்டே இழுக்காது என்று சொல்லலாம், உள்ளே ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) 10 மெகா ஓம் அளவுக்கு இருக்கும். அதனால் துருப்பிடித்த ஜாயிண்ட் வழியாகவும் முழு வோல்டேஜ் காட்டிவிடும். ஒயர் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது மீட்டர் அடிக்கும் பீப் சத்தத்தையும் நம்ப முடியவில்லை. ஜாயிண்டில் 5 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும், 10 ஆம்பியர் ஓடினால் அங்கேயே 50 வோல்ட் போய்விடும்!

போர்டுக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே மண்ணுக்குள் இரண்டு ஜாயிண்ட் இருக்கிறது. எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

என் கேள்வி: கோளாறு பேஸிலா நியூட்ரலிலா என்று தோண்டாமல் எப்படிப் பிரிப்பது? மோட்டாரைக் கழற்றிவிட்டு 1000 வாட் ஹீட்டரை லோடாகக் கொடுத்து, ஸ்டார்ட்டர் நியூட்ரலுக்கும் போர்டு நியூட்ரலுக்கும் நீள ஒயர் இழுத்து அளந்தால் சரியாக வருமா? செய்து பார்த்தவர்கள் பாதுகாப்பான முறையைச் சொல்லுங்கள். பயிர் வாடுகிறது.