சமூக அறிவியல் வகுப்பில் கவிதை எழுதவைப்பதால் பாடம் விளங்குமா?

கேள்வி: ஏற்காடு, சமூக அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். காப்பித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கிய இரயத்துவாரி முறையின் சிறப்பியல்புகளைக் கேட்டால் குறிப்புகளை வரிசை மாறாமல் எழுதிவிடுகிறார்கள். அந்த முறை ஓர் உழவர் குடும்பத்தை என்ன செய்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

ஆகவே பாடம் முடிந்ததும் அதையொட்டிக் கவிதை எழுதச் சொல்லி வருகிறேன். எழுதுவதில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் வருவதெல்லாம் "உழவனே, நீ நாட்டின் முதுகெலும்பு" என்ற வகை வாழ்த்துப் பாக்கள். எந்த நூற்றாண்டுக்கும் எந்த ஊருக்கும் அவை பொருந்தும். கவிதையின் வழியாகவே பாடம் விளங்கும்படி இதை எப்படி அமைப்பது? மதிப்பெண் எதற்கு இடுவது? இது தமிழாசிரியரின் வேலை என்று சக ஆசிரியர்கள் சொல்வதற்கு என்ன மறுமொழி சொல்வது?

மறுமொழி: வாழப்பாடி, பட்டதாரி ஆசிரியர்

டீச்சர், "உழவனைப் பற்றி எழுது" என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் மேடைப் பேச்சைத்தான் எழுதுவார்கள். பேசுபவர் யார், எந்த ஊர், எந்தக் காலம், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதை முதலிலேயே நீங்கள் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். இரயத்துவாரிக்கு நம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் அதை அடுத்த பாராமகால் பகுதியும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்குதான் வயல்களை அளந்து தீர்வை, அதாவது நிலவரி, விதித்தார்கள். மன்றோ பின்னாளில், 1820இல், சென்னை மாகாண ஆளுநரானபோது அதே முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

நான் கொடுக்கும் களம் இது: 1790களில் நம் ஊர்ப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒருவர், நிலத்தை அளக்க வந்தவரிடம் பேசுகிறார். எழுதுவதற்கு முன்பாக, வீட்டிலிருக்கும் பட்டா, சிட்டா நகல்களைக் கொண்டுவரச் சொல்லிப் புல எண், பரப்பு, தீர்வை ஆகிய சொற்களைப் படிக்கவைப்பேன். ஒரு பெண்பிள்ளை எழுதிய வரிகள்:

"சங்கிலி போட்டு வயலை அளந்தீரே துரையே,
மழை பொய்த்த ஆண்டை அளக்க
உம்மிடம் ஒரு சங்கிலி உண்டா?"

விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலத்தின் மீது பணமாகத் தீர்வை விழுந்தது என்பதை அந்தப் பிள்ளை புரிந்துகொண்டிருக்கிறாள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொரு மாணவனின் கவிதையில் அந்த உழவர் மரவள்ளிக் கிழங்கை விற்றுத் தீர்வை கட்டினார். எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் மரவள்ளிதான். அவனுக்கு அது உலகம் தோன்றிய நாள்முதல் இருந்த பயிர். சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் 1940களில்தான் வேரூன்றியது என்றும், அதற்கு முன் இங்கே கம்பும் கேழ்வரகும் சோளமும்தான் மேட்டுநிலப் பயிர்கள் என்றும் பேசத் தொடங்கி, அன்றைய பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று. தேர்வு விடைத்தாளில் இந்தக் குழப்பம் வெளிப்படவே செய்யாது, ஏனென்றால் அங்கே "பயிர்" என்று எழுதினாலே போதும். கவிதையில் என்ன பயிர், என்ன காசு, யார் கையில் கொடுத்தார் என்று எழுதியாக வேண்டியிருப்பதால், அவனுக்குத் தெரிந்ததும் தெரியாததும் வெளியே வந்துவிடுகின்றன. கவிதையை நான் விடாமல் வைத்திருப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

மறுமொழி: சேலம், பத்தாம் வகுப்பு ஆசிரியர்

எட்டாம் வகுப்பில் இதற்கு நேரம் இருக்கலாம். பொதுத்தேர்வு வகுப்பில் வரைபடப் பயிற்சிக்கே நேரம் போதவில்லை. என் தயக்கம் இன்னொன்றும் உண்டு. உருக்கமாக எழுதும் பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று நாமே எண்ணிக்கொள்கிறோம். சேலம் மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் இறந்த செய்தியைச் சொல்லி, இறந்தவராக உன்னை எண்ணிக்கொண்டு எழுது என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. அத்தகைய பாடங்களுக்கு உரைநடையே போதும்.

மறுமொழி: மேட்டூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சேலத்து நண்பர் சொன்ன எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். எனினும் "தமிழாசிரியரின் வேலை" என்ற பேச்சுக்கு ஒரு மறுமொழி உண்டு அம்மா. தகடூர் அதியமானைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி புறநானூற்றுப் பாடல்களிலிருந்து கிடைத்ததே. ஜம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் "அதியன் நெடுமான் அஞ்சி" என்ற பெயர் காணப்பட்டபோது, பாடலும் கல்வெட்டும் ஒன்றுக்கொன்று துணை நின்றன. பாடலைச் சான்றாகக் கொண்டு, அதைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது வரலாற்று ஆசிரியரின் வேலையல்லவா?

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதுகை மோனை கேட்டால் பிள்ளைகள் ஓசைக்காகச் செய்தியைக் கைவிடுவார்கள். ஆகவே யாப்பை வற்புறுத்த வேண்டாம். ஆனால் இழப்பை எண்ணி வருந்திப் பாடும் கையறுநிலை, ஒப்பாரி, கும்மி போன்ற வகைகள் அவர்கள் காதுக்குப் பழகியவை. மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊர்களின் அடையாளமாக, நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. ஊரை விட்டுப் போன ஒருவரின் கையறுநிலையை ஒரு பிள்ளை எழுதட்டும். ஜூன் 12ஆம் நாள் மதகு திறப்பதை எதிர்பார்த்திருக்கும் தஞ்சை உழவரின் பாட்டைப் பக்கத்திலிருக்கும் பிள்ளை எழுதட்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கவைத்தால், அணை நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்குப் போகாமலே, ஒரே அணை இருவருக்கு எப்படி இருவேறு செய்தியானது என்பது வகுப்புக்கு விளங்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, நன்றி சார். இங்கே 1820களில் ஆட்சியர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த கதையை இவ்வாறே இரு குரல்களில் எழுதவைக்க எண்ணுகிறேன்: சாமையும் கேழ்வரகும் விளைவித்த மலைக்குடி ஒருவர், தோட்ட வேலைக்குச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர் ஒருவர். இரு தரப்புப் பிள்ளைகளும் என் வகுப்பிலேயே இருப்பதால், யார் எந்தக் குரலை எழுதுவது என்பதில்தான் தயக்கம்.

மறுமொழி: வாழப்பாடி, பட்டதாரி ஆசிரியர்

குரலைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் டீச்சர். "நீ மலையாளி வீட்டுப் பிள்ளை, நீயே அவர்களுக்காகப் பேசு" என்று மட்டும் யாரையும் நிறுத்திவிடாதீர்கள். மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டின் (பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீடு) செயல்பாட்டுப் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம். கவிதைக்குக் கீழே, அதில் வரும் செய்திகள் பாடநூலில் எந்தப் பக்கத்தில் கிடைத்தன, வீட்டில் யாரிடம் கேட்டறிந்தவை என்று எழுதச் சொல்லுங்கள். நான் மதிப்பெண் இடுவது அந்தக் குறிப்புக்கும் செய்தியின் சரித்தன்மைக்கும் மட்டுமே. அழகுக்குக் கைத்தட்டல் போதும்.