கோலி வட்டத்தைச் சுற்றாமல் பாதியில் விழுகிறது: அவசர உதவி தேவை

தாமிரபரணி:
வணக்கம். மகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கோலி ஓடுபாதை செய்கிறாள். சரிவு, திருப்பம் எல்லாம் நன்றாக ஓடுகிறது. கடைசியில் உள்ள செங்குத்து வட்டத்தில் மட்டும் உச்சிக்கு முன்பே கழன்று விழுந்துவிடுகிறது. கோலியை விடும் உயரம் கணக்குப்படிதான் வைத்திருக்கிறோம். நாளை காலை கொண்டுபோக வேண்டும். உடனே சொல்லுங்கள்.

பட்டறைவாசி:
எந்தக் கணக்கு? பாதை எதில் செய்தது? வட்டம் எவ்வளவு பெரியது? படம் இருந்தால் போடுங்கள்.

வைகைக்கரை:
கண்ணாடிக் கோலி இதற்கு ஆகாது. சைக்கிள் கடையில் பால்ரஸ் என்னும் எஃகுக் குண்டு கேட்டு வாங்குங்கள். கனம் இருந்தால்தான் வேகம் வரும்.

இயற்பியல் முதுவர்:
கனத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை என்பது பதினோராம் வகுப்புப் பாடம். அதைப் படித்துவிட்டு யோசனை சொல்லலாம். வட்டத்தின் ஆரத்தைப்போல் இரண்டரை மடங்கு உயரம் வேண்டும். இதற்குத் தனியாக ஒரு விவாத இழையே தேவையில்லை.

தாமிரபரணி:
ஐயா, அந்த இரண்டரை மடங்குதான் வைத்திருக்கிறோம். ஆரம் 12 செ.மீ., உயரம் 30 செ.மீ. சரிவு அட்டைப்பெட்டியை மடித்துச் செய்தது. வட்டம் மட்டும் ஏசி குழாய்க்குப் போடும் கறுப்பு நுரை உறை, நீளவாக்கில் பிளந்தது.

பட்டறைவாசி:
இப்போது விளங்குகிறது. இரண்டரை மடங்கு என்பது உராய்வின்றி வழுக்கி வரும் பொருளுக்கான கணக்கு. கோலி உருள்கிறது. அதன் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கே போய்விடும். இழப்பே இல்லையென்றாலும் 2.7 மடங்கு, அதாவது 32.4 செ.மீ. வேண்டும். நுரை அமுங்கி இன்னும் கொஞ்சம் தின்னும். 45 செ.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். மேசையிலிருந்து அளக்காதீர்கள், வட்டத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும்.

அட்டையும் நுரையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஓடு வேய்வதுபோல மேல்துண்டின் நுனி கீழ்த்துண்டின்மேல் படிந்திருக்க வேண்டும். மாற்றி ஒட்டியிருந்தால் அந்த மெல்லிய விளிம்பில் கோலி துள்ளி வேகத்தை இழக்கும். கோலி நுழையும்போது வட்டம் ஆடுகிறதா? ஆட்டமும் ஆற்றலைத் தின்னும். கனமான குண்டைப் போட்டால் இன்னும் அதிகமாக ஆடும்.

இயற்பியல் முதுவர்:
பாடநூல் கணக்கில் சுழற்சியைச் சேர்ப்பதில்லை. பிள்ளையைக் குழப்ப வேண்டாம்.

பட்டறைவாசி:
உருளும் குண்டும் அதே பதினோராம் வகுப்பில்தான் வருகிறது, ஐயா.

சாக்பீஸ் டீச்சர்:
மகள் எந்த வகுப்பு? ஆறு, ஏழு என்றால் இந்தச் சூத்திரங்கள் எதற்கு? புத்தகங்களை அடுக்கி, உயரத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி உருட்டட்டும். எந்த உயரத்தில் சுற்றுகிறது என்று அவளே குறித்துவைக்கட்டும். அதுதான் பாடம்.

இயற்பியல் முதுவர்:
கணக்கில்லாமல் உருட்டினால் அது விளையாட்டு, அறிவியல் ஆகாது.

சாக்பீஸ் டீச்சர்:
கலிலியோ மரக்கட்டையில் பள்ளம் வெட்டி, வழவழப்பான தோல்தாளை ஒட்டி, வெண்கலக் குண்டை மறுபடி மறுபடி உருட்டினார். நேரத்தை அளக்க, மெல்லிய தாரையாக வழிந்த தண்ணீரை எடைபோட்டார். 1638இல் வந்த அவர் நூலில் இது இருக்கிறது. உருட்டிப் பார்ப்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள்.

வைகைக்கரை:
பார்த்தீர்களா, அவரும் உலோகக் குண்டுதான் எடுத்திருக்கிறார்.

தாமிரபரணி:
வட்டம் ஆடத்தான் செய்தது. இருபுறமும் அட்டை முக்கோணம் ஒட்டினோம், உயரத்தை 46 ஆக்கினோம். சுற்றுகிறது! மிக்க நன்றி.

பட்டறைவாசி:
மகிழ்ச்சி. ஆட்டம் நின்றதால் சுற்றியதா, உயரம் கூடியதாலா? முக்கோணத்தை எடுக்காமல் உயரத்தை மட்டும் பழையபடி 30க்கு இறக்கி ஒருமுறை உருட்டச் சொல்லுங்கள். கண்காட்சியில் இதைத்தான் கேட்பார்கள்.