புதுப்பிப்பு: கையால் தோட்டா நிரப்புவதில் எந்த வேலை பலன் தந்தது?

தோட்டாவின் வெற்று உறைகளை எடைபோட்டுப் பிரிப்பது, உறையின் கழுத்தை ஒரே தடிமனாகச் சீவுவது, பவுடரை (வெடிமருந்தை) நுட்பமாக எடைபோடுவது, இவையெல்லாம் 600 மீட்டரில் குறியைக் கூர்மையாக்குமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ஐந்து குண்டுத் தொகுப்பை (ஒரே குறியில் சுட்ட ஐந்து குண்டுகளின் சிதறலை) நம்பாதே, இருபது சுட்டுப் பார்" என்ற யோசனைதான் கண்ணைத் திறந்தது. அப்படிச் சுட்டபோது, எடைபோட்டுப் பிரித்த உறைகளுக்கும் பிரிக்காதவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கழுத்தைச் சீவியதும் அப்படித்தான். எத்தனை மாலை நேரம் போயிருக்கிறது!

பவுடர் எடை மட்டும் பலன் தந்தது. குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபில் வேக வேறுபாடு தெளிவாகக் குறைந்தது. 100 மீட்டரில் இது தெரியவே தெரியாது. நான் சுடும் .308 ரக ரைஃபிள் தோட்டாவில் நொடிக்கு 10 மீட்டர் வேகம் மாறினால் அங்கே சில மில்லிமீட்டர்தான் நகரும். 600 மீட்டரில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மேலும் கீழும் போகும்.

எதிர்பாராத ஒன்று: உயரச் சிதறல் குறைந்தும் பக்கவாட்டுச் சிதறல் அப்படியே இருந்தது. அது காற்று. அப்புறம், உறை பிரிக்கும் நேரத்தைக் காற்றைக் கணிக்கும் பயிற்சிக்கு மாற்றிவிட்டேன். இப்போதுதான் பக்கவாட்டிலும் தொகுப்பு சுருங்கத் தொடங்கியிருக்கிறது.